தன்மை, முன்னிலை, படர்க்கை

தமிழில் ‘நான்’ என்னும் சொல்லுக்குப் பால் இல்லை. ‘நீ’, ‘நீங்கள்’ என்பனவற்றுக்கும் இல்லை. ‘வந்தேன்’ என்பவர் ஆணா பெண்ணா என்பதை அவ்வினைமுற்று காட்டாது. ‘வந்தாய்’ என்பதும் அவ்வாறே. ‘வந்தான்’, ‘வந்தாள்’ என்று படர்க்கைக்குச் செல்லும்போதுதான் நம் மொழி பாலைக் கேட்கிறது. மூவிடம், ஐம்பால் என்று இதனை ஆண்டுதோறும் கரும்பலகையில் அட்டவணையாக எழுதி வருகிறோம். இவ்வட்டவணை ஒரு மனிதரின் வாழ்க்கையில் எத்துணை பெரிய செய்தி என்பதைச் சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் அமர்ந்திருந்தபோது கண்டோம். அதனை இங்குப் பதிந்து வைப்பது சிலருக்கேனும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

பவணந்தியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூலின் பெயரியலில் ஒரு நூற்பா உண்டு. பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால் என்றும், ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்றும் அது வகுக்கிறது. உடலுறுப்பைப் பற்றி அங்கே பேச்சே இல்லை. அவா ஒன்றே அளவுகோல். ஆனால் அதே நூற்பாவின் இறுதி அடி, இவ்விரு வகையினரும் அஃறிணை போலவும் ஆவர் என்று முடிகிறது. அவருக்குப் பன்னெடுங்காலம் முன்னரே தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்தில் இத்தகையோரை உயர்திணையில் வைத்துப் பேசியிருக்கிறார்.

இளங்கலைத் தமிழ் மூன்றாமாண்டு வகுப்பில் இதனை நடத்தி முடித்த ஒரு நாள், மாணவர் ஒருவர் நம்மிடம் வந்து, “அந்தக் கடைசி அடியைத் தேர்வில் எழுதாமல் விட்டால் மதிப்பெண் குறையுமா ஐயா?” என்று கேட்டார். குறையாது என்றோம். சில ஆண்டுகள் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. பெண்களுக்கான விடுதியில் தங்கி, பெண்களுக்கான கம்பெனிப் பேருந்தில் சென்று வந்து கொண்டிருந்தார். தாம் பெண்ணல்லர், திருநம்பி என்று சொன்னார். பிறந்தபோது பெண்ணென்று பதியப்பட்டு, தம்மை ஆணென்று உணர்பவரைத் திருநம்பி என்கிறோம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். தனியே செல்ல அச்சமாக இருக்கிறது. உடன் வர இயலுமா என்று கேட்டார். “வருகிறோம் தம்பி” என்றோம். மறுமுனையில் நெடுநேரம் பேச்சில்லை.

அவர் இதனைப் படித்துப் பார்த்து இசைவு தந்த பின்னரே இங்கு இடுகிறோம். அடையாளம் தரக்கூடிய விவரங்கள் சிலவற்றை மாற்றியிருக்கிறோம்.

மூன்று கேள்விகள்

புறப்படுவதற்கு முன் அவர் மூன்று கேள்விகள் கேட்டார். “என் உடையைக் களைந்து பார்ப்பார்களா? நான் ஆண்தான் என்று எப்படி மெய்ப்பிப்பது? வீட்டுக்குத் தகவல் போய்விடுமா?” இம்மூன்று அச்சங்களால் மூன்றாண்டுகள் தள்ளிப்போட்டிருந்தார். அறுவைச் சிகிச்சை செய்யாமல் அனுப்ப மாட்டார்கள் என்றும் விடுதியில் எவரோ சொல்லியிருந்தனர்.

அச்சத்தால் மருத்துவரைத் தவிர்ப்பவர்கள் சும்மா இருந்துவிடுவதில்லை. வேறு வழி தேடுகிறார்கள். திருநங்கையர் சிலர் மருந்துக் கடையில் சீட்டின்றிக் கருத்தடை மாத்திரைகளை வாங்கி அளவின்றி விழுங்குகிறார்கள். அவற்றிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜன் வகை, கால் சிரைகளில் குருதியை உறையச் செய்யும் தன்மை மிகுந்தது. உறைந்த கட்டி நுரையீரலுக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. புகைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இவ்வபாயம் இன்னும் அதிகம். திருநம்பியர் சிலர் உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளை நாடுகிறார்கள். மார்பை இறுக்கும் துணியை இரவு பகலாகக் கட்டி மூச்சுத் திணறுவோரும் உண்டு. லிவிங் ஸ்மைல் வித்யாவின் ‘நான் வித்யா’ 2007இல் வெளிவந்தது. போதிய மருத்துவ வசதியற்ற இடத்தில் தாம் செய்துகொண்ட அறுவையைப் பற்றி அதில் அவர் எழுதியிருக்கும் பக்கங்களைப் படித்தவர்கள், அரசு மருத்துவமனையின் வாயிற்படியை ஒருவர் மிதிப்பது ஏன் பெரிய செய்தி என்பதை அறிவர்.

எனவே கேள்விகளுக்கு விடை தேடினோம். மருத்துவத் துறையிலுள்ள நண்பர்களிடம் கேட்டறிந்ததையும் பின்னர் நேரில் கண்டதையும் சேர்த்துச் சொல்கிறோம்.

எங்கே செல்வது

பாலின உறுதிப்பாட்டுச் சிகிச்சை என்று இதற்குப் பெயர். ஒருவர் தம்மை எந்தப் பாலினமாக உணர்கிறாரோ அதற்கேற்ப வாழ உதவும் உளநல ஆலோசனை, ஹார்மோன், அறுவை ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். எல்லாருக்கும் எல்லாம் தேவைப்படுவதில்லை. ஆலோசனையோடு நிற்பவர்களும் உண்டு. ஹார்மோனோடு நிற்பவர்களும் உண்டு.

தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15 அன்று திருநங்கைகள் நல வாரியம் அமைந்தது. அதையொட்டிய ஆண்டுகளிலேயே சென்னை அரசு மருத்துவமனைகளில் இவ்வறுவை கட்டணமின்றிச் செய்யப்படத் தொடங்கியது. கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையும் இத்துறையில் அறியப்பட்டவை. திருவள்ளூரிலும் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எந்த மருத்துவமனையானாலும், இப்பிரிவு எந்தக் கிழமையில் இயங்குகிறது என்பதை முன்னதாகக் கேட்டுக்கொண்டு செல்வது ஒரு நாள் சம்பளத்தை மிச்சப்படுத்தும். நம் மாவட்டத்தாருக்கு ஒரு வசதி உண்டு. திருவள்ளூர் வழியில் வரும் புறநகர் ரயிலும் கும்மிடிப்பூண்டியிலிருந்து வரும் ரயிலும் பேசின் பாலத்தருகே கூடி, மூர் மார்க்கெட் வளாகத்துக்கு வந்து சேர்கின்றன. சாலையைக் கடந்தால் எதிரே அரசு பொது மருத்துவமனை. நாம் சென்ற மருத்துவமனை எதுவென்று இங்குச் சொல்லப்போவதில்லை.

படர்க்கையில் ஒரு காலைப்பொழுது

இரவுப் பணி முடித்து உறங்காமல் வந்திருந்தார். ஓ.பி. சீட்டு வரிசையில் நின்றதுமே, “லேடீஸ் அந்தப் பக்கம்” என்று ஒரு குரல் கேட்டது. ஆதார் அட்டையிலுள்ள பெயரே சீட்டில் ஏறியது. அப்பெயரை உரக்கக் கூவினார்கள். “இந்தப் பொண்ணுக்கு என்ன?” என்று ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டார். நோயாளி எதிரே நிற்க, அவரைப் பற்றிய கேள்வி நமக்கு வந்தது. “அவரையே கேளுங்கள்” என்றோம்.

முதல் நாள் செல்பவர்கள் இதற்கு ஆயத்தமாக இருத்தல் வேண்டும். மருத்துவரின் அறைக்குள் நிகழ்வதைக் காட்டிலும் அறைக்கு வெளியே நிகழ்வதே பலரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. சீட்டு எழுதுபவர், காவலர், அடுத்த இருக்கைக்காரர் என எல்லாரும் படர்க்கையில் பேசும் இடம் அது. சீட்டில் பழைய பெயர் இருப்பது சிகிச்சைக்குத் தடையன்று. அழைக்கும்போது வேறு பெயரைச் சொல்லும்படி செவிலியரிடம் கேட்கலாம், நாம் கேட்டோம், அவர் பென்சிலால் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

அறைக்குள்

மருத்துவரின் முதற்கேள்வி, “உங்களை எப்படிக் கூப்பிடணும்?” என்பது.

தம்பி தம் பெயரைச் சொன்னார். அப்பெயரை நாமும் அன்றுதான் கேட்டோம். அதன்பின் அவ்வறையில் ஏறத்தாழ நாற்பது நிமிடங்கள் ‘நான்’, ‘நீங்கள்’ என்னும் இரு சொற்களே மாறி மாறி ஒலித்தன. ‘அவள்’ என்னும் சொல் எழவில்லை. எழ வேண்டிய தேவையும் இல்லை. நோயாளி தன்மையில் பேசுகிறார். மருத்துவர் முன்னிலையில் பேசுகிறார். முதல் சந்திப்பில் எதிர்பார்க்க வேண்டியது எது என்று எவரேனும் கேட்டால் இதனையே சொல்வோம்: உங்களைப் பற்றிப் பிறர் பேசியது போதும், நீங்கள் பேசுங்கள் என்று ஒருவர் அமர்ந்து கேட்கும் பொழுது அது.

என்னென்ன கேட்டார்? இவ்வுணர்வு எப்போதிலிருந்து இருக்கிறது, உடலின் எந்தப் பகுதி மிகுந்த வேதனை தருகிறது, வீட்டில் யாருக்குத் தெரியும், வேலையிடத்தில் தொல்லை உண்டா, தூக்கம் எப்படி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததுண்டா, மது, புகை உண்டா, ஏற்கெனவே ஏதேனும் மருந்து எடுத்ததுண்டா, குடும்பத்தில் சர்க்கரை, இதய நோய், குருதி உறைவு உண்டா, சிகிச்சையிலிருந்து என்ன எதிர்பார்க்கிறீர்கள், பின்னாளில் பிள்ளை பெற்றுக்கொள்ளும் விருப்பம் உண்டா. சில கேள்விகள் கூச்சம் தருவன. ஏன் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேட்கலாம். இப்போது சொல்ல விருப்பமில்லை என்றும் சொல்லலாம். ஆனால் தாமாக எடுத்த மருந்தை மட்டும் மறைத்தல் கூடாது. அது திட்டு வாங்கும் செய்தியன்று, மருந்தளவைத் தீர்மானிக்கும் செய்தி.

உடையைக் களையச் சொல்லவில்லை. எடை, உயரம், இரத்த அழுத்தம் பார்த்தார்கள். அந்தரங்க உறுப்புகளைப் பரிசோதிப்பது முதல் நாளின் கட்டாயமன்று. அறுவை பற்றிய பேச்சு வரும்போதோ வேறு உடற்குறை இருந்தாலோதான் அது தேவைப்படும். அப்போதும் நோயாளியின் இசைவு வேண்டும். உடன் ஒருவர் இருக்கலாம்.

மெய்ப்பிக்கும் பேச்சும் எழவில்லை. சிறு வயதிலேயே சட்டை அணிந்தேன், பந்து விளையாடினேன் என்றெல்லாம் கதை கோத்து மனப்பாடம் செய்து வந்திருந்தார் நம் தம்பி. மருத்துவர் அதைப் பாதியில் நிறுத்தி, “பரீட்சை இல்லை, மெதுவாப் பேசுங்க” என்றார். நாற்பதாண்டுகளுக்கு முன் இது மனநோய்ப் பட்டியலில் இருந்தது. உலக நலவாழ்வு அமைப்பின் பதினொன்றாம் நோய் வகைப்பாடு 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, இதனை மனநலக் கோளாறுகளிலிருந்து எடுத்துப் பாலியல் நலம் சார்ந்த நிலைகளுள் வைத்தது. ஆகவே மனநல மருத்துவரிடம் அனுப்புகிறார்களே என்று மனம் தளர வேண்டா. எடுக்கும் முடிவு தெளிந்து எடுக்கப்படுகிறதா, மனச்சோர்வு போன்று வேறெதற்கும் உதவி தேவையா என்பதைக் காண்பதே அவர் வேலை. ஹார்மோன் தொடங்குவதற்கும் அறுவைக்கும் அவரது கடிதத்தை மருத்துவர்கள் கேட்பது வழக்கம்; ஒரே அமர்வில் அது கிடைத்துவிட வேண்டும் என்பதில்லை.

மூன்றாம் கேள்விக்கும் விடை கிடைத்தது. பதினெட்டு வயது நிரம்பியவரின் மருத்துவச் செய்தியை அவர் இசைவின்றிப் பெற்றோரிடம் சொல்லலாகாது. உளநலச் சிகிச்சையில் கமுக்கம் காக்கப்பட வேண்டும் என்பதை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் உரிமையாகவே தருகிறது.

மருந்தைப் பற்றி

அன்று ஊசி போடவில்லை. ஓரளவு ஏமாற்றத்தோடுதான் தம்பி எழுந்தார். குருதிப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்: ஹீமோகுளோபின், சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் செயற்பாடு, ஹார்மோன் அளவுகள். திருநம்பியர்க்குத் தரப்படும் டெஸ்டோஸ்டிரோன் குருதியின் சிவப்பணுக்களைப் பெருக்கும். அளவு மீறினால் குருதி கெட்டியாகும். எனவே முதலில் எங்கே நிற்கிறோம் என்று தெரிதல் வேண்டும். பின்னர் முதலாண்டில் ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பார்ப்பார்கள்.

எது மீளும், எது மீளாது என்பதை மருத்துவர் ஒரு தாளில் இரு பத்திகளாக எழுதிக் காட்டினார். டெஸ்டோஸ்டிரோன் எடுத்தால் சில மாதங்களில் மாதவிலக்கு நிற்கும். மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் திரும்பும். தசையும் கொழுப்பும் இடம் மாறுவதும் அத்தகையதே. ஆனால் குரல் உடைந்தால் உடைந்ததுதான். முளைத்த தாடியும் மறையாது. மாதவிலக்கு நின்றது என்பதால் கருத்தரிக்காது என்று எண்ணுதலும் கூடாது, இம்மருந்து கருத்தடையாகாது.

திருநங்கையர்க்கு ஈஸ்ட்ரோஜனும், ஆண் ஹார்மோனைத் தடுக்கும் மருந்தும் தருவார்கள். தோல் மென்மையாகும். மார்பு வளர்ச்சி சில மாதங்களில் தொடங்கி இரண்டு மூன்று ஆண்டுகள் தொடரும், அது மீளாது. குரல் இம்மருந்தால் மாறாது. அதற்குப் பயிற்சி வேண்டும். தாடி முற்றிலும் உதிர்ந்துவிடாது. விந்தணு உற்பத்தி குறைந்து நிலையாகவே அற்றுப் போகலாம். ஆதலால் பிள்ளை விருப்பம் உள்ளவர்கள் மருந்து தொடங்குமுன்னரே விந்தணுவையோ சினைமுட்டையையோ சேமித்து வைப்பது பற்றிக் கேட்டுவிட வேண்டும். பின்னர்க் கேட்பதைவிட முதல் நாளில் கேட்பது எளிது.

தம்பி அத்தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். யோசிக்க ஒரு மாதம் அவகாசம் என்றார் மருத்துவர். ஏமாற்றம் போய், அது தமக்குத் தரப்பட்ட மதிப்பு என்று ரயிலில் வரும்போது அவரே சொன்னார்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடம்

எல்லா அறைகளும் இவ்வாறு இருப்பதில்லை. இதற்கு முன்பு அவர் பெற்றோர் அழைத்துச் சென்ற தனியார் மருத்துவர் ஒருவர், திருமணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதித் தந்திருந்தார். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று எவரேனும் சொன்னால், நண்பர்களே, எழுந்து வந்துவிடலாம். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதியரசர் ஆனந்த் வெங்கடேஷ், ஒருவரின் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதைத் தடை செய்யுமாறு ஆணையிட்டார். தீர்ப்பெழுதுமுன் அவரே ஓர் உளவியலாளரிடம் அமர்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டதை அத்தீர்ப்பிலேயே பதிந்திருக்கிறார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய சிகிச்சையைத் தொழில்முறை ஒழுக்கக்கேடு என அறிவித்தது. அதே ஆண்டு தமிழ்நாடு அரசு, பாலினம் தொடர்பான தமிழ்ச் சொற்பட்டியல் ஒன்றையும் அரசிதழில் வெளியிட்டது. தமிழ் பயிற்றுவோர் அனைவரும் அதனை ஒருமுறை பார்த்தல் நலம்.

சான்றிதழ், ஆதார்ப் பெயர் மாற்றம் ஆகியவை வேறு பாதை. சான்றிதழ் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் சார்ந்தது. அவற்றை முதல் சந்திப்போடு குழப்பிக்கொள்ள வேண்டா. அவற்றின் விதிகள் அவ்வப்போது மாறுவன. விண்ணப்பிக்கும் நாளில் உள்ள விதியை அங்கேயே கேட்டறிவது நல்லது.

உடன் செல்பவர்க்கு

உடன் செல்பவரின் கடமை மிகச் சிறியது. நோயாளிக்கு வரும் கேள்விக்குத் தாம் விடை சொல்லாதிருத்தல். வெளியே இரு என்றால் வெளியே இருத்தல். தண்ணீர்ப் புட்டியும் கோப்பும் வைத்திருத்தல். பழைய மருந்துச் சீட்டுகள், ஆதார் நகல், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதிய ஒரு தாள் ஆகியவை போதும். உள்ளே சென்றதும் பாதிக் கேள்விகள் மறந்து போகும். மனம் தாங்கவொண்ணா நிலையில் இருப்பவர்கள் மருத்துவமனை நாள் வரும்வரை காத்திருக்க வேண்டா. 14416 என்னும் அரசின் தொலைபேசி மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

கல்லூரி ஆசிரியராக இருக்கும் நண்பர்கள் சிலர், இதெல்லாம் நம் வேலையா என்று கேட்கக்கூடும். நம்மிடம் வந்து கடைசி அடியைப் பற்றிக் கேட்ட மாணவர், அவ்வாண்டு வேறு எவரிடமும் அக்கேள்வியைக் கேட்டிருக்க இயலாது என்பதை மட்டும் சொல்லி வைக்கிறோம். அந்நூற்பாவை நடத்தும்போது இப்போது தொல்காப்பியரையும் சேர்த்தே நடத்துகிறோம். அவா என்னும் சொல்லில் சற்று நின்று செல்கிறோம்.

தம்பி ஒரு மாதம் யோசித்து, மனநல மருத்துவரை இருமுறை கண்டு, அதன்பின் ஊசி தொடங்கினார். ஐந்தாம் மாதம் குரல் கரகரக்கத் தொடங்கியது. விடுதியை விட்டு, உடன் பணியாற்றும் இருவரோடு அறை எடுத்துக்கொண்டார். கம்பெனிப் பேருந்தில் எந்தப் பக்கம் அமர்வது என்பது இன்னும் முடிவாகவில்லை; மனிதவளப் பிரிவில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறார். ஊரிலிருக்கும் அவருடைய தாயார் ஞாயிறுதோறும் தொலைபேசியில் அழைக்கிறார். சளி பிடித்திருக்கிறதா, சுக்குக் கஷாயம் வைத்துக் குடி என்கிறாராம். எத்தனை ஞாயிறுகளுக்குச் சளி என்று சொல்வது ஐயா என்று சென்ற வாரம் கேட்டார். அதற்கு அந்த மருத்துவரிடமும் விடையில்லை, நம்மிடமும் இல்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லிவிடலாம் என்று இருக்கிறார். உடன் வரச் சொன்னால் செல்வோம்.